பூல் ஆட்டத்துக்குச் சிறந்த க்யூ சாக் எது? ஈரக்காற்று வீசும் கொச்சியில் விலையைவிட முக்கியமானவை

கொச்சி: மட்டாஞ்சேரியின் மிளகு, இஞ்சிக் கிடங்குகளில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்வோருக்கு ஈரப்பதத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காயலை ஒட்டிய இப்பகுதியில் சரக்கை உலர்வாக வைத்திருப்பதே வணிகத்தின் பாதி வேலை. இதே ஊரில் பூல் அல்லது ஸ்னூக்கர் ஆடுபவர்கள் தங்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் சிறிய நீலக் கட்டிக்கும் அந்தப் பாடம் பொருந்தும். கோலின் நுனியில் தேய்க்கப்படும் 'க்யூ சாக்' என்ற அந்தக் கட்டி, ஆட்டத்தில் பயன்படும் பொருள்களிலேயே மிகச் சிறியது. ஆனால், அது சரியாகப் படியாவிட்டால் விலை உயர்ந்த கோலும் பயிற்சி பெற்ற கையும் ஒரே நொடியில் பயனற்றுப் போகும்.

சந்தையில் இன்று சில பத்து ரூபாய்க்கும் க்யூ சாக் கிடைக்கிறது. அதைப்போல் பல மடங்கு விலைக்கும் கிடைக்கிறது. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது, கூடுதல் விலைக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது, மழைக்காலத்தில் அதை எப்படிப் பாதுகாப்பது என்பன குறித்து இத்தொகுப்பில் காணலாம்.

பெயரில் மட்டுமே சாக்

பள்ளிக் கரும்பலகையில் எழுதப் பயன்படும் சாக்பீஸுக்கும் க்யூ சாக்குக்கும் பெயரைத் தவிர வேறு உறவு இல்லை. இன்றைய க்யூ சாக்கில் முதன்மையாக இருப்பவை சிலிக்கா, அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான நுண்துகள்கள். அவற்றுடன் நிறமியும் பிணைப்புப் பொருளும் சேர்த்து அழுத்திக் கட்டியாக்குகின்றனர். அலுமினியம் ஆக்சைடின் இயற்கை வடிவத்துக்குக் குருந்தம் என்று பெயர். ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்ற சொல்லே தமிழின் 'குருந்தம்' என்பதிலிருந்து சென்றது. சாணைக்கல்லிலும் உப்புத்தாளிலும் பயன்படும் அதே வகைப் பொருள்தான் கோலின் நுனியிலும் வேலை செய்கிறது.

கேரம் ஆடிப் பழகியவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். கேரம் பலகையில் போரிக் அமிலத் தூளைத் தூவுவது, காய்கள் வழுக்கிச் செல்வதற்காக. அங்கு தூள் உராய்வைக் குறைக்கிறது. பூல் ஆட்டத்தில் சாக் பூசுவது அதற்கு நேர்மாறான நோக்கத்துக்காக. இங்கு தூள் உராய்வைக் கூட்டுகிறது.

கோல் பந்தைத் தொடும் கணத்தில் நடப்பது என்ன?

பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். கோலின் நுனியில் ஒட்டப்பட்டிருக்கும் தோலாலான 'டிப்', பூல் கோல்களில் பொதுவாக 12 முதல் 13 மில்லிமீட்டர் அகலமும், ஸ்னூக்கர் கோல்களில் 9 முதல் 10 மில்லிமீட்டர் அகலமும் கொண்டிருக்கும். இந்தத் தோலும் வழவழப்பான பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஏறத்தாழ ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே.

வெள்ளைப் பந்தின் நடுவில் அடித்தால் அது நேராகச் செல்லும். அப்போது உராய்வு பெரிதாகத் தேவைப்படாது. ஆனால், பந்தைப் பின்னோக்கி வரவழைக்கவோ, பக்கவாட்டில் சுழலச் செய்யவோ நடுவிலிருந்து விலகி அடிக்க வேண்டும். அவ்வாறு விலக விலக, பந்தின் வளைந்த பரப்பில் டிப் வழுக்கும் வாய்ப்பும் கூடுகிறது. வழுக்கிவிட்டால் அதற்கு 'மிஸ்க்யூ' என்று பெயர். பந்து எங்கோ செல்லும். முறை எதிராளிக்குப் போய்விடும். சில வேளைகளில் மேசைத் துணியிலும் கீறல் விழும்.

நன்றாகச் சாக் பூசிய டிப்பால், பந்தின் ஆரத்தில் ஏறத்தாழ பாதி தொலைவு வரை விலகி அடிக்க முடியும். பூல் பந்தில் இது நடுவிலிருந்து சுமார் 14 மில்லிமீட்டர். இந்த எல்லைக்கு அப்பால், எந்த நிறுவனத்தின் சாக்கைப் பூசினாலும் டிப் வழுக்கவே செய்யும். சாக் பூசாத டிப்புக்கோ இந்த எல்லை இன்னும் மிகக் குறுகியது. ஆக, சாக் புதிதாக ஒரு திறனைத் தருவதில்லை. ஆட்டக்காரரிடம் ஏற்கெனவே இருக்கும் திறனை முழு அளவில் பயன்படுத்த இடமளிக்கிறது.

'சுழல் தூள்' விற்ற பழைய கதை

சாக் தொடர்பான மிகைப்படுத்தல்கள் இன்று தோன்றியவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸைச் சேர்ந்த பிரான்சுவா மாங்கோ என்பவர், கோலின் மர நுனியில் தோல் துண்டை ஒட்டும் முறையைப் பரப்பினார். அதன் பிறகே பந்தைத் திட்டமிட்டுச் சுழற்றுவது எளிதானது. இங்கிலாந்தின் பாத் நகரில் பில்லியர்ட்ஸ் கூடத்தில் பணியாற்றிய ஜாக் கார் என்பவர், தமது வியப்பூட்டும் அடிகளுக்குத் தனிவகைச் 'சுழல் தூள்' ஒன்றே காரணம் என்று கூறி, அதைச் சிறு பெட்டிகளில் அடைத்து அதிக விலைக்கு விற்றதாகக் கூறப்படுகிறது. பெட்டிக்குள் இருந்ததோ சாதாரண வெண்சுண்ணத் தூள்தான்.

இன்று நாம் அறிந்த க்யூ சாக் பிறந்தது அமெரிக்காவின் சிகாகோ நகரில். தொழில்முறை பில்லியர்ட்ஸ் வீரர் வில்லியம் ஸ்பிங்க்ஸ், வேதியியலாளர் வில்லியம் ஹோஸ்கின்ஸ் ஆகிய இருவரும் இணைந்து, சிலிக்காவையும் கடினத் துகள்களையும் அடிப்படையாகக் கொண்ட கலவை ஒன்றை உருவாக்கினர். இதற்கான காப்புரிமை 1897-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் தேதி வழங்கப்பட்டது. மின்சார டோஸ்டர்களில் சூடேறும் நிக்ரோம் கம்பியின் உருவாக்கத்திலும் ஹோஸ்கின்ஸுக்குப் பங்கு உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தக் காலவரிசையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1875-ஆம் ஆண்டு ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லினால் தொடங்கப்பட்டதாகக் கருதப்படும் ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள், 1882-ஆம் ஆண்டு உதகமண்டலத்தின் ஊட்டி கிளப்பில் எழுதி ஒட்டப்பட்டன. அதாவது, ஸ்னூக்கரின் முதல் விதிகள் நீலகிரியின் குளிர்ந்த ஈரக்காற்றில் எழுதப்பட்டபோது, இன்றைய வகை சாக் பிறக்க இன்னும் 15 ஆண்டுகள் இருந்தன.

அப்போது தொடங்கிய இந்தியத் தொடர்பு இன்றும் அறுபடவில்லை. 1958-இல் உலக பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸ், தனிநபர் விளையாட்டில் உலக சாம்பியனான முதல் இந்தியர். பங்கஜ் அத்வானி 25-க்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களைக் குவித்துள்ளார். 2025 நவம்பரில் கத்தார் தலைநகர் தோகாவில் நடைபெற்ற உலக மகளிர் ஸ்னூக்கர் போட்டியில் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் பட்டம் வென்றார்.

விலை கூடினால் சுழற்சியும் கூடுமா?

புதிதாக ஆட வருவோர் அதிகம் கேட்கும் கேள்வி இது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராகப் பணியாற்றிய டேவிட் அல்சியாடோர், பூல் ஆட்டத்தின் இயற்பியலை நீண்ட காலம் ஆராய்ந்தவர். பல வகை சாக்குகளை ஒப்பிட்டு அவர் மேற்கொண்ட சோதனைகள், முறையாகப் பூசப்பட்டால் வெவ்வேறு சாக்குகள் தரும் அதிகபட்சச் சுழற்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதையே காட்டின.

அப்படியானால் வேறுபாடு எங்கு இருக்கிறது? நான்கு இடங்களில் இருக்கிறது. முதலாவது, ஒருமுறை பூசினால் எத்தனை அடிகளுக்கு டிப்பில் தங்குகிறது என்பது. இரண்டாவது, வெள்ளைப் பந்தில் எவ்வளவு தூள் ஒட்டுகிறது என்பது. மூன்றாவது, மேசைத் துணியையும் கையையும் உடையையும் எந்த அளவுக்கு அழுக்காக்குகிறது என்பது. நான்காவது, எல்லா இடத்திலும் சீராகப் படிகிறதா என்பது. விலை உயர்ந்த சாக்கை வாங்குவோர் உண்மையில் பணம் கொடுப்பது இந்த நான்கு பண்புகளுக்கே அன்றி, கூடுதல் சுழற்சிக்கு அல்ல.

பொதுவாகக் கிடைக்கும் வகைகள்

பூல் கூடங்களில் நெடுங்காலமாகக் காணப்படும் மாஸ்டர், ட்ரையாங்கிள் ஆகிய இரண்டும் சிகாகோவின் ட்வீட்டன் நிறுவனத்தால் புகழ்பெற்றவை. இவை விலை குறைந்தவை, எளிதில் படிபவை. தூள் சற்று அதிகமாக உதிரும் என்பதால் அடிக்கடி பூச வேண்டியிருக்கும். மேசையையும் அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும்.

இத்தாலியின் லொங்கோனி நிறுவனத்தின் பெயரில் வரும் புளூ டைமண்ட் நடுத்தர வகையைச் சேர்ந்தது. ஜப்பானின் கமுய் மிக நுண்ணிய துகள்களைக் கொண்டது; டிப்பில் அழுந்தப் பற்றிக்கொள்ளும். ஆனால், கைகளிலும் துணியிலும் கறை விடுவதாக ஆட்டக்காரர்கள் குறிப்பிடுவது உண்டு. அமெரிக்காவின் பிரிடேட்டர் நிறுவனமும் இந்த உயர்விலை வரிசையில் சாக் தயாரிக்கிறது.

பின்லாந்தின் டாவோம் நிறுவனச் சாக், வெள்ளைப் பந்தில் மிகக் குறைந்த அடையாளத்தையே விட்டுச் செல்வதற்காக அறியப்பட்டது. தொழில்முறை ஸ்னூக்கர் வீரர்கள் பலர் அண்மை ஆண்டுகளில் இதற்கு மாறியுள்ளனர். அதற்கான காரணம் அடுத்து வரும் சிக்கலில் அடங்கியுள்ளது.

பந்தில் ஒட்டும் தூளால் வரும் தொல்லை

வெள்ளைப் பந்தில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு சாக் புள்ளி, அது மற்றொரு பந்தில் மோதும் இடத்திலேயே துல்லியமாக அமைந்துவிட்டால், இரண்டு பந்துகளுக்கும் இடையிலான உராய்வு அந்தக் கணத்தில் திடீரெனக் கூடிவிடும். பந்துகள் லேசாகத் துள்ளும். இலக்குப் பந்து எதிர்பார்த்த கோணத்திலிருந்து விலகிக் குழியின் ஓரத்தில் இடித்து வெளியேறும். ஸ்னூக்கர் ஆட்டக்காரர்கள் இதைக் 'கிக்' என்பர். பூல் ஆட்டத்தில் 'ஸ்கிட்' அல்லது 'க்ளிங்' என்று வழங்குகிறது.

சரியாகக் குறிபார்த்து அடித்தும் தோற்றுப்போகச் செய்யும் நிகழ்வு என்பதால், ஆட்டக்காரர்கள் மிகவும் வெறுப்பது இதைத்தான். பந்தில் குறைவாக ஒட்டும் சாக்கைத் தேர்ந்தெடுப்பதும், பந்துகளை அடிக்கடி துடைப்பதும் இதற்கான வாய்ப்பைக் குறைக்கும். மலிவான சாக்கும் தூய்மையான பந்துகளும் உள்ள மேசை, உயர்விலைச் சாக்கும் அழுக்கேறிய பந்துகளும் உள்ள மேசையைவிட நம்பத்தகுந்தது.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நிறம் ஆட்டத்தின் தரத்தை மாற்றுவதில்லை; துணியின் தோற்றத்தை மாற்றும். பச்சைத் துணி விரித்த மேசையில் பச்சை நிறச் சாக்கும், நீலத் துணியில் நீல நிறச் சாக்கும் பயன்படுத்தினால் கறை கண்ணுக்குத் தெரியாது. கம்பளி கலந்த மேசைத் துணியை மாற்றுவது கூட உரிமையாளர்களுக்குப் பெரிய செலவு. எனவே, சொந்தச் சாக்கைக் கொண்டு செல்வோர், அந்தக் கூடத்தில் எந்த நிறத்துக்கு அனுமதி உள்ளது என்பதை முதலில் கேட்டறிவது நல்லது. சிவப்பு, கருப்பு போன்ற அடர்நிறச் சாக்குகள் கண்ணைக் கவர்ந்தாலும், துணியில் அவை விடும் கறை எளிதில் போவதில்லை.

கொச்சியின் ஈரக்காற்றில் சாக் படும் பாடு

கொச்சியில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் காற்றில் ஈரப்பதம் உச்சத்தை எட்டும். வடகிழக்குப் பருவமழையும் இங்கு மழை தருகிறது. கடலும் காயலும் சூழ்ந்த மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பகுதிகளில் மழையில்லாத நாள்களிலும் காற்று வறண்டிருப்பது அரிது.

ஈரம் மூன்று வழிகளில் தொல்லை தருகிறது. ஈரம் ஏறிய சாக்கின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், அது டிப்பில் மெல்லிய படலமாகப் படியாமல் திட்டுத்திட்டாக அப்பிக்கொள்கிறது. அல்லது கட்டியின் மேற்பரப்பு பளபளப்பாகி, எவ்வளவு தேய்த்தாலும் தூள் ஏறாமல் போகிறது. கம்பளித் துணி ஈரத்தை உறிஞ்சுவதால் பந்தின் ஓட்டம் மந்தமாகிறது. ஆட்டக்காரர் வழக்கத்தைவிட வலுவாக அடிக்க நேர்கிறது. வலுவாக அடிக்கும்போது கோலின் நேர்த்தி குறைவதால், மிஸ்க்யூ நேரும் வாய்ப்பும் கூடுகிறது. மூன்றாவதாக, வியர்த்த கையும் சட்டைப்பையும் சாக்கை மேலும் நனைக்கின்றன. தொழில்முறை ஸ்னூக்கர் போட்டிகளில் மேசையின் கற்பலகைக்கு அடியில் சூடாக்கும் கருவி பொருத்தப்படுவது, இந்த ஈரத்தை விரட்டுவதற்காகவே.

இதற்கான தீர்வு மிக எளிது. சாக்கைக் காற்றுப் புகாத சிறு டப்பாவில் வைக்க வேண்டும். காலணி, மருந்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை அதில் போட்டு வைக்கலாம். ஆட்டம் முடிந்ததும் மேசையின் விளிம்பிலேயே விட்டுச் செல்லாமல் டப்பாவில் திருப்பி வைக்க வேண்டும். மொத்தமாக வாங்கி அடுக்காமல், ஒன்றிரண்டு கட்டிகளை வாங்கித் தீர்ந்த பின் புதிதாக வாங்குவது மழைக்காலத்துக்கு ஏற்றது. மேற்பரப்பு பளபளத்துப் போன கட்டியை உப்புத்தாளில் லேசாக உரசினால், உள்ளிருக்கும் உலர்ந்த பகுதி வெளிப்படும்.

பூசும் முறையே பாதித் தீர்வு

கோலைச் செங்குத்தாக நிறுத்தி, சாக் கட்டியை அதன் தலையில் கவிழ்த்துத் திருகுவது கூடங்களில் பரவலாகக் காணப்படும் பழக்கம். இது தவறானது. இவ்வாறு செய்தால் கட்டியின் நடுவில் ஆழமான குழி விழும். டிப்பின் ஓரங்களில் சாக் ஏறாது. கோலின் நுனிப்பகுதி மட்டும் நீலமாகும்.

கோலைச் சாய்த்துப் பிடித்து, சுவருக்குத் தூரிகையால் வண்ணம் பூசுவது போல மெல்ல வருடிப் பூச வேண்டும். கோலைச் சிறிது சிறிதாகத் திருப்பி, டிப் முழுவதும், குறிப்பாக விளிம்புகளில், சாக் சீராகப் படிந்திருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஒவ்வோர் அடிக்கு முன்பும் டிப்பைப் பார்க்கும் பழக்கம் மிஸ்க்யூவைப் பெருமளவு தவிர்க்கும். அளவுக்கு மீறிப் பூசினால் உபரித் தூள் துணியிலும் பந்திலும்தான் விழும். அதை மேசைக்கு மேலே வாயால் ஊதுவதும் கூடாது.

டிப்பின் வடிவமும் கவனிக்க வேண்டியது. ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பைப் போன்ற வளைவு பூல் கோலுக்குப் பொருத்தமானதாகக் கருதப்படுகிறது. தட்டையாகத் தேய்ந்து, கல் போல இறுகி, பளபளத்துப் போன டிப்பில் எந்தச் சாக்கும் நிற்காது. அத்தகைய டிப்பை முதலில் சொரசொரப்பாக்க வேண்டும். அல்லது மாற்ற வேண்டும். சாக்கின் மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி உண்மையில் டிப்பைச் சேர்ந்தது.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை

வாங்குவதற்கு முன் நண்பர்களிடம் உள்ள இரண்டு வகைச் சாக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பட்டை போட்ட பந்து ஒன்றை, அதன் பட்டை கிடைமட்டமாக இருக்குமாறு மேசையில் வைக்க வேண்டும். பெரும்பாலான பந்துகளில் அந்தப் பட்டையின் விளிம்பு, மேலே குறிப்பிட்ட வழுக்கல் எல்லைக்கு அருகில் அமைந்திருக்கும். பட்டையின் கீழ்ப்பகுதிக்குள் அடித்துப் பழகினால், எவ்வளவு தொலைவு வரை துணிந்து அடிக்கலாம் என்பது கைக்குப் புலப்படும். டிப் தொட்ட இடத்தைப் பந்தில் பதியும் சாக் புள்ளியே காட்டிக்கொடுக்கும்.

பிறகு, ஒருமுறை மட்டும் சாக் பூசி, தொடர்ந்து ஐந்து அடிகள் அடித்து, ஒவ்வொன்றுக்கும் பின் டிப்பைப் பார்க்க வேண்டும். தோல் எப்போது வெளியே தெரிகிறது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். இறுதியில் பந்தை வெள்ளைத் துணியால் துடைத்து, எந்தச் சாக் அதிகக் கறை விட்டது என்று ஒப்பிடலாம். இரண்டு சாக்குகளுக்கும் ஒரே கோலைப் பயன்படுத்துவதும், இடையில் டிப்பைத் துடைப்பதும் அவசியம்.

குழந்தைகள் உள்ள இடத்தில் கூடுதல் கவனம்

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ இதழான 'பீடியாட்ரிக்ஸ்' 1996-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று, க்யூ சாக் குறித்து எச்சரித்தது. அப்போது சோதிக்கப்பட்ட 23 வகைகளில் மூன்றில், பத்து லட்சத்தில் 7,000 பங்குக்கும் மேலான ஈயம் இருந்தது கண்டறியப்பட்டது. நிறத்துக்காகச் சேர்க்கப்படும் பொருள்கள் ஈயத்துக்குக் காரணமாக அமையக்கூடும். அந்த ஆய்வு இன்றைய எல்லாத் தயாரிப்புகளுக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது. எனினும், ஈயத்தின் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு.

எனவே, தயாரிப்பாளர் பெயரே இல்லாத சாக்கைத் தவிர்ப்பது நல்லது. வீட்டில் மேசை வைத்திருப்போர், பொருளடக்கம் பற்றிய தகவலைத் தெளிவாகத் தரும் நிறுவனங்களின் சாக்கை வாங்க வேண்டும். குழந்தைகள் கட்டியை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்த பின்னரும், இடையில் எதையாவது உண்பதற்கு முன்னரும் கை கழுவுவது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

யாருக்கு எது?

புதிதாகப் பழகுவோருக்கு மாஸ்டர், ட்ரையாங்கிள் போன்ற எளிய சாக் போதுமானது. அதை உலர்வாக வைத்துக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் பூசினால் குறை எதுவும் இருக்காது. வாரத்தில் சில நாள்கள் ஆடுவோர், பந்தில் குறைவாக ஒட்டும் நடுத்தர அல்லது உயர்விலை வகையைப் பரிசீலிக்கலாம். போட்டிகளில் ஆடுவோருக்குக் கிக் நேரும் ஒவ்வொரு வாய்ப்பும் இழப்பு என்பதால், குறைந்த கறை விடும் சாக்குக்குக் கொடுக்கும் கூடுதல் விலை நியாயமானது. கூட உரிமையாளர்களைப் பொறுத்தவரை, துணியின் நிறத்துக்குப் பொருந்தும் ஒரே வகைச் சாக்கை எல்லா மேசைகளிலும் வைத்து, பந்துகளை நாள்தோறும் துடைப்பதே சிக்கனமான வழி.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாத் நகரில் 'சுழல் தூள்' வாங்கியவர்கள் ஏமாந்தது, தூள் வேலை செய்யாததால் அல்ல. வெண்சுண்ணத் தூளும் ஓரளவு வேலை செய்யத்தான் செய்தது. பெட்டியில் இருந்த தூளை வாங்கிய அவர்களால், அதை விற்றவரின் கைப்பழக்கத்தை வாங்க முடியவில்லை என்பதே உண்மை. மட்டாஞ்சேரியில் மழை பெய்யும் ஒரு மாலையில் மேசை முன் நிற்கும் ஆட்டக்காரருக்கும், உலர்ந்த கட்டியும் சீராகப் பூசிய டிப்பும் துடைத்த பந்தும் வாய்த்தால், சாக் செய்ய வேண்டிய வேலை அத்துடன் முடிந்துவிடுகிறது.